388 வெள்ளி ஹார்மோன் டெஸ்ட்: நெடுந்தூர ஓட்டக்காரர்கள் வாங்கலாமா?

ஓட்டக்காரர்களைக் குறிவைத்து ஓர் இரத்தப் பரிசோதனைத் தொகுப்பு சிங்கப்பூரில் இப்போது நன்றாக விற்கிறது. விலை 388 வெள்ளி, ஜிஎஸ்டி தனி. (கடைசியில் 8 இல்லாமல் இங்கே எதற்கும் விலை வைக்க மாட்டார்கள்.) 'உங்கள் உடல் பயிற்சியைத் தாங்குகிறதா? ஹார்மோன் சொல்லும்' என்பது விளம்பரம். நிறுவனத்தின் பெயரைப் போடப் போவதில்லை. கிட்டத்தட்ட இதே பட்டியலை வேறு பெயர்களில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் சொல்வதை எந்தத் தொகுப்போடும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் என்னைப் பற்றி. மருத்துவ ஆய்வகத்தில் இரத்த மாதிரிகளோடுதான் என் பிழைப்பு, அதுவும் ஹார்மோன் பிரிவில் பல வருடம். இந்த நிறுவனத்துக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நானும் ஓடுவேன், ஆனால் மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி மெதுவாக, குரங்குகளுக்கு வழிவிட்டு. இந்தத் தொகுப்பை வாங்கியது என் அக்கா மகள். 5,000, 10,000 மீட்டர் ஓடுகிறாள், தேசியப் பயிற்சிக் குழுவில் இருக்கிறாள், வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. சில மாதங்களாக நேரம் குறையவில்லை. சாதாரணமாக ஓடும் வேகத்திலேயே இதயத் துடிப்பு ஏறுகிறது, தூக்கம் இல்லை, முடி கொட்டுகிறது. "கால்ல மணல் மூட்டை கட்டின மாதிரி இருக்கு சித்தி" என்றாள். அப்புறம் இந்த விளம்பரத்தை அனுப்பி, "இது எடுத்தா தெரிஞ்சுடும்ல?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பணம் கட்டிவிட்டாள். துணைக்கு நானும் போனேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். இரத்தம் எடுத்த பெண் கெட்டிக்காரி. பெயரையும் பிறந்த தேதியையும் இவளையே சொல்ல வைத்தாள். ஓட்டக்காரர்களுக்கு நரம்பு பொதுவாக எடுப்பாகத் தெரியும், ஆனால் தண்ணீர் குடிக்காமல் வந்தால் வழுக்கும். இவளுக்கு வழுக்கியது. பட்டர்ஃப்ளை ஊசியை எடுத்து ஒரே குத்தில் முடித்தாள். மஞ்சள் மூடிக் குழாய்கள் முதலில், ஊதா மூடி கடைசியில். ஊதாவை உடனே தாங்கியில் சொருகிவிடாமல் மெல்ல மெல்லப் பல முறை கவிழ்த்து நிமிர்த்தினாள். அவசரத்தில் இதைத்தான் முதலில் விடுவார்கள், பிறகு இரத்தம் கட்டிப்போய் எங்களிடம் வந்து சேரும். நாற்காலி பக்கத்திலேயே ஒட்டுச்சீட்டு ஒட்டி, எடுத்த நேரத்தையும் எழுதினாள். அந்தக் கைவேலைக்கு முழு மதிப்பெண்.

குறை அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. முன்பதிவுப் படிவம் கைப்பேசியில் ஒரே பக்கம். வயது, உயரம், எடை, 'வெறும் வயிறா?' அவ்வளவுதான். அன்று காலை ஓடினாயா என்ற கேள்வி இல்லை. அவள் ஓடியிருந்தாள். ஐந்தரைக்கு இறங்கி 14 கிலோமீட்டர், நடுவில் வேகப் பகுதியும் உண்டு. வெறும் வயிறு என்று போட்டிருந்ததால் திரும்பி வந்தும் சாப்பிடவில்லை. கிடைத்த நேரம் பத்தரை மணி. உடம்பு தேயவில்லையா என்று பார்க்க வந்த பிள்ளையை, கடுமையாக ஓடிய பின் மணிக்கணக்கில் பட்டினி போட்டு இரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

இதில் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்கலாம். உடம்பு அழுத்தத்தில் இருக்கும்போது கூடுகிற ஹார்மோன் கார்ட்டிசோல். அது காலையில் எழும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும், அப்புறம் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே போகும். மாலைக்குள் பாதிக்கும் கீழே வந்துவிடும். கடுமையாக ஓடினால் நடுவில் மறுபடி ஏறும். பட்டினியும் ஏற்றும். அதனால் எண்ணோடு மணியும், முந்தைய பயிற்சியும், கடைசிச் சாப்பாடும் சேர்ந்து வந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. அதே படிவத்தில் மாலை நான்கு மணிக்கும் இடம் காட்டியது! நான்கு மணிக்கு எடுத்த கார்ட்டிசோலையும் பத்தரைக்கு எடுத்ததையும் ஒரே அளவுகோலில் வைத்து வண்ணம் பூசினால் அது பரிசோதனை இல்லை, கோலம்.

இன்னொன்று, மாத்திரைகள். முடி கொட்டுகிறதே என்று அவள் பயோட்டின் என்ற வைட்டமின் மிட்டாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பயோட்டின் அளவு கூடினால் சில வகை ஹார்மோன் பரிசோதனைகள் தப்பாகக் காட்டும். சிலவற்றில் எண் பொய்யாக ஏறும், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் போன்றவற்றில் பொய்யாக இறங்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-லேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. எங்கள் ஆய்வகத்தில் சந்தேகமான எண் வந்தால் முதலில் கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று. கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். கார்ட்டிசோலைச் சுமந்து செல்லும் புரதத்தை அது கூட்டிவிடும், மொத்தக் கார்ட்டிசோல் உயர்ந்து தெரியும். இரண்டைப் பற்றியும் படிவத்தில் ஒரு வரி கூட இல்லை.

அறிக்கை இரண்டே நாளில் வந்தது. பதினொரு பக்கம், பளபளவென்று, கார் வேகமானி மாதிரி படங்கள். நடுப்பக்கத்தில் பெரிதாக 'மீட்புக் குறியீடு', முள் சிவப்பில். அது என்னவென்று பார்த்தால் டெஸ்டோஸ்டெரோனை கார்ட்டிசோலால் வகுத்த விகிதம். 1980களில் வந்த யோசனை இது. உடம்பைக் கட்டுகிற ஹார்மோன் ஒரு பக்கம், கரைக்கிறது மறுபக்கம், தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் அதிகப்பயிற்சியைப் பிடித்துவிடலாம் என்று நம்பினார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட அறிக்கை, அதிகப்பயிற்சி நோயை உறுதிசெய்ய எந்த ஒற்றை இரத்தக் குறியீடும் போதாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தொற்று, இரத்தசோகை, தைராய்டு, சாப்பாட்டுக் குறைவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் அது. பெயரைக்கூடப் பின்னால்தான் வைக்க முடியும். சில நாள் ஓய்வில் தேறினால் வெறும் பயிற்சிச் சோர்வு, வாரக்கணக்கில் இழுத்தால் எல்லை மீறல், மாதக்கணக்கில் ஓட்டம் திரும்பாவிட்டால்தான் அந்த நோய்.

பெண்களுக்கு இந்த விகிதம் இன்னும் மோசம். பெண்களின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் ஆண்களிடம் இருப்பதில் ஒரு சிறு பங்குதான். ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் இம்யூனோஅஸ்ஸே கருவிகள் அவ்வளவு தாழ்ந்த அளவில் தடுமாறும், நம்பகமாக அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற நுட்பமான முறை வேண்டும். இந்த அறிக்கையில் எந்த முறை என்றே போடவில்லை. தடுமாறும் ஓர் எண்ணை, ஓட்டத்தால் ஏறிய இன்னோர் எண்ணால் வகுத்து, முள்ளைச் சிவப்பில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்து அவள் இரண்டு நாள் அழுதாள்.

இதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது பச்சையில் இருந்தவை. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 14. அவர்களுடைய அளவுக்குள் வந்துவிட்டதால் பச்சை! நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு ஃபெரிட்டின் 35-க்குக் கீழே போனாலே விளையாட்டு மருத்துவர்கள் இரும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரடையாலும் பச்சை. அது மாதவிலக்குச் சுழற்சியில் எந்த நாள் என்பதைப் பொறுத்துப் பல மடங்கு ஏறி இறங்கும் ஹார்மோன், அதனால் அளவு எல்லையே அகலம். எந்த நாள் என்று கேட்காமல் அடித்தட்டில் கிடந்த எண்ணை 'இயல்பு' என்று போட்டுவிட்டார்கள். தைராய்டுப் பட்டியலில் டிஎஸ்ஹெச்சும், தைராய்டு ஹார்மோன்களில் டி4-ம் இருந்தன, டி3 இல்லை. உடம்புக்கு எரிபொருள் போதாதபோது டிஎஸ்ஹெச் சாதாரணமாகவே இருக்க, டி3 தான் இறங்கும். செலவைக் குறைக்கிற வீட்டில் முதலில் அணைக்கிற விளக்கு அது.

தொகுப்பில் ஒரு தொலைபேசி ஆலோசனையும் உண்டு. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். பேசியவர் மருத்துவர் இல்லை, 'நலவாழ்வு ஆலோசகர்'. கார்ட்டிசோல் அதிகமாகச் சுரக்கிறதாம், அதனால் அட்ரினல் சுரப்பி களைத்துப்போய்விட்டதாம். களைத்த சுரப்பி எப்படி அதிகமாகச் சுரக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. 'அட்ரினல் களைப்பு' என்ற நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்றுக்கொள்வதே இல்லை. பிறகு அவர்களே விற்கும் அஸ்வகந்தா மாத்திரையைப் பரிந்துரைத்தார். நம் அமுக்கராக்கிழங்குதான். சிராங்கூன் சாலையில் நாட்டுமருந்துக் கடையில் பொடியாகக் கிடைக்கும், இந்த விலை வராது. விலையை விடுங்கள். தேசியக் குழுவில் இருக்கிற பிள்ளையை எப்போது வேண்டுமானாலும் ஊக்கமருந்துச் சோதனைக்குக் கூப்பிடலாம். மாத்திரையில் ஏதாவது கலந்திருந்தால் 'எனக்குத் தெரியாது' என்ற பதில் செல்லாது. உடம்பில் இருந்தால் அவள்தான் பொறுப்பு. விளையாட்டு வீரர்களுக்கென்றே தொகுப்பு விற்கிறவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

அக்காவுக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. "ஜெயமணி என்ன டெஸ்ட் எடுத்தா? ஓடலையா?" என்றாள். 1983-ல் இங்கே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் கே. ஜெயமணி மாரத்தான் தங்கம் வாங்கியதை எங்கள் தலைமுறை மறக்காது. எங்கள் வீட்டில் ஓட்டம் என்றால் முதலில் வரும் பெயர் அதுதான், அப்புறம் 1995-ல் தாய்லாந்தின் சியாங் மாயில் மாரத்தானை 2:24:22-இல் ஓடிய ரமேஷன். அந்தத் தேசியச் சாதனை 2019 வரைக்கும் நின்றது. ஆனால் அக்காவுக்கு நான் சொன்ன பதில் வேறு. அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினைக்குப் பெயரே கிடையாது. சாப்பாட்டுக் குறைவு, நின்றுபோன மாதவிலக்கு, தேயும் எலும்பு மூன்றையும் ஒரே முடிச்சாகப் பார்த்து அமெரிக்க மருத்துவர்கள் பேசத் தொடங்கியதே 1990களில்தான். ஆண்களுக்கும் இது உண்டு என்று சேர்த்து, விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு என்று அனைத்துலக ஒலிம்பிக் குழு பெயர் வைத்தது 2014-ல். பெயர் வந்த பிறகும் பெரிய இடங்களிலேயே கவனிக்கவில்லை. மேரி கெய்ன் 17 வயதில் உலக வாகையர் போட்டியில் ஓடிய அமெரிக்கப் பெண். நைக்கி நிறுவனத்தின் ஓரிகன் பயிற்சித் திட்டத்தில் எடையைக் குறை, குறை என்றார்கள், மூன்று வருடம் மாதவிலக்கு வரவில்லை, ஐந்து எலும்பு முறிந்தது என்று 2019-ல் அவரே வெளியே சொன்னார்.

பரிந்துரைக் கடிதத்துக்காகப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனோம். அதை வைத்து அரசாங்க மருத்துவமனை ஒன்றில் விளையாட்டு மருத்துவர். கடிதம் இருந்தால் மானியக் கட்டணம். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, அது பொறுமையைச் சோதித்தது. ஆனால் உள்ளே போன பிறகு அந்த மருத்துவர் அம்மா பதினொரு பக்கத்தையும் ஒரு நிமிடத்தில் புரட்டி ஓரமாக வைத்துவிட்டு, "கடைசியா பீரியட்ஸ் எப்போ?" என்றார்.

"தீபாவளிக்கு முன்னாடி." அப்போது ஜூன்.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மருத்துவர் திடுக்கிடவில்லை. காலையில் என்ன சாப்பிடுவாய், ஓடுவதற்கு முன்பா பின்பா, எடை குறைக்கச் சொல்லி யாராவது சொன்னார்களா, தூக்கத்தில் வியர்க்கிறதா, குளிர் தாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு கட்டிலில் உட்காரச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் உள் ஓரத்தைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் பிள்ளை துள்ளிவிட்டாள். விரல் நகம் அளவு இடம்தான். ஸ்கேனில் அது எலும்பு அழுத்தக் காயம் என்று வந்தது, விரிசல் விழுவதற்கு முந்தைய நிலை. டி3 எல்லைக்குக் கீழே. சினைப்பையை இயக்கும் ஹார்மோனான எல்ஹெச்சும் கீழே. மூளை சினைப்பைக்குத் தந்தி அடிப்பதை நிறுத்தியிருக்கிறது.

உணவியல் நிபுணர் போட்ட கணக்கை நீங்களும் உங்களுக்குப் போட்டுப் பார்க்கலாம். அவள் எடை 46 கிலோ, கொழுப்பு நீங்கலாக ஏறக்குறைய 39. ஓட்டத்துக்குச் செலவானது போக, அந்த 39-இல் கிலோவுக்கு 45 கலோரி கையில் மிஞ்சினால் உடம்பு நிம்மதியாக வேலை செய்யும். 30-க்குக் கீழே போனால் ஹார்மோன்கள் தடுமாற ஆரம்பிக்கும் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே கோடு இல்லைதான், ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஒரு கிலோமீட்டர் ஓட, எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி. 16 கிலோமீட்டர் ஓடும் நாளில் 730-க்கு மேல் அதற்கே போய்விடும். ஆக நிம்மதிக்கு 2,500 பக்கம் வேண்டும், 1,900-க்குக் கீழே ஆபத்து. அவள் சாப்பிட்டது? காலையில் ஓடி வந்து வெண்ணெய் இல்லாமல் காயா ரொட்டி, கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி). மதியம் யோங் தாவ் ஃபூ (தோஃபு, காய்கறி போட்ட சூப்), மீ வேண்டாம், சூப் மட்டும். இரவு கோழி நெஞ்சு, கீரை, சோறு இரண்டு கரண்டி. எல்லாம் சேர்த்து 1,700 தாண்டவில்லை. அவள் பட்டினி கிடக்கவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்தால் ஒழுங்காகச் சாப்பிடுகிற பிள்ளை. அலுவலகம் போய்வருகிற 46 கிலோ பெண்ணுக்கு அது தாராளம்.

இதனால்தான் எந்தத் தொகுப்பும் இதைப் பிடிக்காது. இரத்தத்தில் தெரிவது கடைசிக் கணக்கு, செலவு நடக்கிற இடம் சாப்பாட்டு மேசை. அதிகப்பயிற்சியும் ஆற்றல் குறைபாடும் பாதி அறிகுறிகளைப் பங்குபோட்டுக்கொள்வதால், பயிற்சியை மட்டும் குறைத்துவிட்டு, தேறவில்லையே என்று முழிப்பவர்களும் உண்டு.

கருத்தடை மாத்திரை கொடுத்து மாதவிலக்கை வரவழைக்க முடியாதா என்று அக்கா கேட்டாள். வரும், ஆனால் அது மாத்திரையின் இரத்தம். உள்ளே நின்றது நின்றபடியே இருக்கும், எலும்புக்கும் அதனால் காவல் இல்லை என்று மருத்துவர் மறுத்துவிட்டார். இரும்பு மாத்திரை மட்டும் எழுதினார், தே தாரிக்கோடு விழுங்கக் கூடாது என்ற கண்டிப்போடு. தேநீர் இரும்பை உறிஞ்ச விடாது. ஓட்டத்துக்கு விடுமுறை, நீச்சல் குளத்தில் மிதந்து ஓடலாம், ஓடுவதற்கு முன் எதையாவது தின்றே ஆக வேண்டும். பயிற்றுநர் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் அட்டவணையைக் கிழித்தார், நல்ல மனிதர். தூக்கம் சில வாரத்தில் திரும்பிவிட்டது. மாதவிலக்கு இன்னும் வரவில்லை. அதற்கு மாதங்கள் ஆகும், எலும்புக்கு அதைவிட நீளம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

ஆண்களுக்கும் இந்தத் தொகுப்பை விற்கிறார்கள், ஈஸ்ட் கோஸ்ட்டில் ஞாயிறு ஓடுகிற என் கணவரின் கூட்டத்தில் இதற்கு ஏக மவுசு. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டெரோன் எண் உண்மையிலேயே பயன்படும், ஆனால் காலையில், முந்தின நாள் கடும் பயிற்சி இல்லாமல், இரண்டு வெவ்வேறு நாள் எடுக்க வேண்டும். ஒரு முறை எடுத்ததை வைத்துக் கவலைப்பட வேண்டாம். ஹாஃப் மாரத்தானை 59:43-இல் ஓடிய ரையன் ஹால் 2016-ல் 33 வயதில் ஓய்வு பெற்றபோது, தீராத சோர்வையும் குறைந்த டெஸ்டோஸ்டெரோனையும்தான் காரணமாகச் சொன்னார். ஊசி போட்டுக்கொண்டு ஓடலாமே என்று நினைக்கலாம். டெஸ்டோஸ்டெரோன் தடைசெய்யப்பட்ட மருந்து. விந்தகத்திலோ, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலோ உண்மையான பழுது இருந்தால்தான் மருத்துவ விதிவிலக்கு கிடைக்கும். அதிகப் பயிற்சியாலும் குறைந்த சாப்பாட்டாலும் வந்த குறைவுக்குக் கிடையாது.

ஆக, வாங்கலாமா? சும்மா உடம்பு நிலவரம் பார்க்க விரும்புகிற, வேறு எந்தத் தொல்லையும் இல்லாதவர் வாங்கினால் பணம்தான் நட்டம். முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், வைட்டமின் டி, தைராய்டு மட்டும் போதும் என்றால் பக்கத்து மருந்தகத்தில் கேளுங்கள், இவ்வளவு ஆகாது. சோர்வோடு இருக்கிற, தீவிரமாக ஓடுகிற பெண்ணுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். பச்சையில் இருந்த எண்களை நம்பி என் அக்கா மகள் இன்னும் நான்கு மாதம் ஓடியிருப்பாள், அந்த நகமளவு இடம் அதற்குள் உடைந்திருக்கும். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் ஊசி போட்ட பெண்ணுக்கு.

விளையாட்டு மருத்துவரைப் பார்க்கப் போகிறவர்கள் மூன்றை எடுத்துப்போங்கள். கடைசி ஆறு மாத மாதவிலக்குத் தேதிகள், ஒரு வாரம் சாப்பிட்டதைக் கைப்பேசியில் எடுத்த படங்கள், கடிகாரத்தில் இருக்கிற பயிற்சிக் கணக்கு. சாங்கி பொது மருத்துவமனை போன்ற இடங்களில் தனி விளையாட்டு மருத்துவப் பிரிவே இருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் கடிதம் கேட்கும்போது வெறும் 'சோர்வு' என்று சொல்லாமல், மாதவிலக்கு எத்தனை மாதமாக இல்லை என்பதையும் எலும்பில் எங்கே வலி என்பதையும் சொல்லிவிடுங்கள்.